முளைத்ததும் கிள்ளும் புரதம்

பள்ளியில் உயிரியல் நடத்தும் வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். எல்லா செல்லிலும் எல்லா மரபணுக்களும் இருக்கின்றன என்றால், அந்த செல்லுக்கு வேண்டாத மரபணுக்கள் எப்படிச் சும்மா இருக்கின்றன என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாளாம். "சுவிட்ச் அணைந்திருக்கும்" என்று சொல்லிவிட்டார். ஆனாலும் அந்தப் பதிலில் அவருக்கே மனம் நிறையவில்லை.

பதிலில் தவறில்லை. அது பாதிதான். மறுபாதியைச் சொல்ல, எனக்கு மிகவும் பிடித்த ஒரு புரதத்தைத் துணைக்கு அழைக்கிறேன். அதன் பெயர் எம்எம்ஐ1. இருப்பது ஈஸ்ட்டில். ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்ட் அல்ல இது. அதன் தூரத்துச் சொந்தம். கிழக்கு ஆப்பிரிக்கர்கள் சிறுதானியத்தில் காய்ச்சும் பீரிலிருந்து, 1893இல் பால் லிண்ட்னர் என்ற ஜெர்மானியர் இதை விவரித்தார். குச்சி மாதிரி நீண்டு, நடுவில் சுவர் எழுப்பி இரண்டாகப் பிளப்பதால் பிளவு ஈஸ்ட் என்பார்கள். பால் நர்ஸுக்கு 2001இல் நோபல் பரிசு வாங்கித்தந்த ஆய்வுகளும் இந்த ஈஸ்ட்டில் செய்தவைதான்.

தீனி இருக்கும்வரை இது பிளந்து பிளந்து பெருகிக்கொண்டே இருக்கும். நைட்ரஜன் தீர்ந்துபோனால் போக்கை மாற்றிக்கொள்ளும். எதிர்ப்பாலினச் செல் ஒன்றோடு கூடி, குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் குன்றல் பகுப்பில் இறங்கி, நான்கு வித்துகளை உண்டாக்கிவிட்டு நல்ல காலம் வரும்வரை காத்திருக்கும். இந்தக் குன்றல் பகுப்புக்கென்றே தனியாக மரபணுக்கள் இருக்கின்றன. சாதாரண நாளில் அவை வேலை செய்யக்கூடாது. ஆனால் அவற்றின் சுவிட்ச் முழுதாக அணைவதில்லை; கசிகிறது. செல் பெருகிக்கொண்டிருக்கும்போதே சில குன்றல் மரபணுக்களிலிருந்து தூது ஆர்என்ஏ உருவாகிவிடுகிறது.

எங்கள் வயலில் களை எடுக்கும்போது அம்மாவோடு நானும் இறங்குவேன். குதிரைவாலிப் புல் இளசாக இருக்கையில் அச்சு அசல் நெல்லேதான். அம்மா மட்டும் இலை தண்டோடு சேரும் இடத்தை விரலால் விலக்கிப் பார்ப்பார். நெல்லுக்கு அங்கே மெல்லிய வெள்ளைச் சவ்வு இருக்கும், புல்லுக்கு இருக்காது. பார்த்த கையோடு பிடுங்கிவிடுவார். எம்எம்ஐ1 உட்கருவுக்குள் செய்வது இதே வேலை. குன்றலுக்கான தூது ஆர்என்ஏக்களில் ஆறு எழுத்து அடையாளம் ஒன்று பலமுறை வரும்: யு, அடுத்து 'ஏ' அல்லாத ஏதாவது ஓர் எழுத்து, பிறகு ஏ ஏ ஏ சி. அந்த அடையாளத்தைப் பற்றிக்கொண்டு எக்சோசோம் என்னும் அரைவை இயந்திரத்திடம் ஒப்படைத்துவிடுகிறது எம்எம்ஐ1. பீப்பாய் வடிவிலான அந்தப் புரதக்கூட்டு ஆர்என்ஏவை ஒரு முனையிலிருந்து எழுத்து எழுத்தாகக் கடித்துத் தீர்க்கிறது. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் மசயுகி யமமோட்டோவின் குழு 2006இல் இதை நேச்சர் இதழில் வெளியிட்டது.

இந்தக் காவல் இல்லாமற்போனால் என்ன ஆகும்? எம்எம்ஐ1ஐ நீக்கிய ஈஸ்ட் வளரவே தள்ளாடுகிறது. அதோடு மெய்4 என்ற ஒரே ஒரு குன்றல் மரபணுவையும் நீக்கினால் பெருமளவு தேறிவிடுகிறது. தேவையான நேரத்தில் வம்சத்தைக் காக்கும் அதே மரபணு, காலம் தவறி வந்தால் ஆளையே சாய்த்துவிடும்.

எனக்கு இதில் எப்போதும் ஆச்சரியம் தருவது அடுத்த கட்டம்தான். பட்டினி வந்து, இப்போது நிஜமாகவே குன்றல் பகுப்பு வேண்டும் என்றானபின், இத்தனை கண்டிப்பான காவலை எப்படி விலக்குவது? செல் எம்எம்ஐ1ஐக் கொல்வதில்லை, வலை விரிக்கிறது. மெய்ஆர்என்ஏ என்று ஓர் ஆர்என்ஏ உண்டு. அதிலிருந்து எந்தப் புரதமும் உருவாவதில்லை. அதன் உடல் முழுக்க அந்த ஆறெழுத்து அடையாளம் திரும்பத் திரும்ப வருகிறது. சாதாரண நாட்களில் அதுவும் எம்எம்ஐ1 கையில் சிக்கி அழிவதுதான். குன்றல் தொடங்கியதும் மெய்2 என்ற புரதம் அதற்குத் துணை நிற்கிறது. இரண்டும் சேர்ந்து, மெய்ஆர்என்ஏ பிறந்த மரபணுவின் மேலேயே, இரண்டாம் குரோமோசோமில், ஒரு புள்ளியாகத் திரள்கின்றன. உட்கருவில் அங்கங்கே சிதறியிருந்த எம்எம்ஐ1 எல்லாம் அந்தப் புள்ளியில் வந்து ஒட்டிக்கொள்கிறது. மற்ற தூது ஆர்என்ஏக்கள் தப்பித்துத் தங்கள் வேலையைப் பார்க்கின்றன.

ஒளிரும் புரதத்தைப் பொருத்தி நுண்ணோக்கியில் பார்த்தால், உட்கரு குதிரைவால்போல் நீண்டு செல்லின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடி ஓடித் திரும்பும்; அதற்குள் இந்த ஒற்றைப் புள்ளி மின்னிக்கொண்டிருக்கும். 1990களிலேயே புள்ளியைப் பார்த்துவிட்டார்கள். அது எதற்கு என்பது எம்எம்ஐ1 வந்த பிறகுதான் விளங்கிற்று. 2012இல் இன்னொரு ஜப்பானியக் குழு, ஒரே ஜாதி குரோமோசோம்கள் இரண்டும் ஒன்றையொன்று கண்டுபிடித்து இணை சேரவும் இந்த ஆர்என்ஏவே உதவுகிறது என்று காட்டியது. புரதம் தராத ஆர்என்ஏ குப்பை என்று எத்தனை காலம் ஒதுக்கிவைத்திருந்தோம்!

ஈஸ்ட்டோடு முடிகிற சங்கதி இல்லை இது. ஆறெழுத்தைப் பற்றும் எம்எம்ஐ1இன் பகுதியை ஒய்டிஎச் என்பார்கள். நம் உடலிலும் அந்தக் குடும்பப் புரதங்கள் உள்ளன. அவற்றில் ஒன்றான ஒய்டிஎச்டிசி2 இல்லாத எலிகளில் குன்றல் பகுப்பு கெட்டு, ஆணும் பெண்ணும் மலடாகின்றன. விந்தகத்தில் மட்டும் விழித்திருக்க வேண்டிய மரபணுக்கள் பல புற்றுநோய்க் கட்டிகளில் தலைகாட்டுவதும் மருத்துவர்கள் அறிந்ததே. கசிவும் காவலும் பற்றிய கேள்வி நம் உடம்புக்கும் பொருந்துகிறது.

நம் பாடப்புத்தகங்களில் மரபணு விழிப்பதைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறது. ஆர்என்ஏ அழிவதைப் பற்றி ஒரு பத்தி தேடினாலும் கிடைப்பது அரிது. உருவாக்குவதுதான் வேலை, அழிப்பது வெறும் கழிவகற்றல் என்ற எண்ணம் நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. "ஈஸ்ட்டை ஆராய்ந்து யாருக்கு என்ன பயன்?" என்ற கேள்வியும் அதன் கூடவே வருகிறது. இருபது வயதில் ஆசையோடு ஆய்வுக்கு வருகிற பிள்ளைகளிடம் முதல் நாளே இதைக் கேட்டு முகத்தைச் சுருங்கவைக்கிறோம். புள்ளியைப் பார்த்தவர்களிடம் அன்றே பயன் கேட்டிருந்தால் இந்தக் கதை அங்கேயே நின்றிருக்கும்.

கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். தானே கூடி வித்து விடும் பிளவு ஈஸ்ட் ரகம் ஒன்றை ஆய்வகத்துக்கு வரவழையுங்கள். நைட்ரஜன் குறைந்த ஊடகத்தில் சில நாள் வளர்த்து, புகைபோக்கிப் பெட்டிக்குள் தட்டை அயோடின் ஆவியில் காட்டச் சொல்லுங்கள். வித்துச்சுவரில் மாவுச்சத்து போன்ற பொருள் இருப்பதால், குன்றல் முடித்த கூட்டங்கள் சில நிமிடங்களில் கருத்துவிடும். முடிக்காதவை மஞ்சளாகவே நிற்கும். அந்தத் தட்டை மாணவர்கள் கையில் கொடுத்துவிட்டு, பிறகு பாடத்தைத் தொடங்குங்கள்.