தோல் சீட்டுக்கு எண்ணெய் கூடாது

ஆறாவது நிஜாம் மகபூப் அலிகான் சொல்லிவைத்த ரோல்ஸ்ராய்ஸ் கார், அவர் 1911-ல் காலமான பிறகே ஹைதராபாத் வந்து சேர்ந்தது. இன்று சௌமஹல்லா அரண்மனையில் கூரைக்கடியில் சுகமாக நிற்கிறது.

நம்மவர்கள் ஓட்டும் முதலாளிமார் கார்களுக்கு அந்த யோகம் ஏது? சித்திரை வெயிலில் ஆபீஸ் வாசலில் காய்கின்றன. சீட்டு வெடித்தால் பழி டிரைவர் மேல்தான். உடனே தேங்காய் எண்ணெயைத் தேடுகிறார்கள், அதுதான் வினை. இக்காலத் தோல் சீட்டுகளில் பெரும்பாலானவற்றின் மேல் மெல்லிய பூச்சு உண்டு. எண்ணெய் உள்ளே இறங்காமல் மேலேயே நின்று தூசியைப் பிடிக்கும். அந்தத் தூசி உப்புத்தாள் போல் அராவும். சலவைத்தூள், பெட்ரோல் இரண்டும் ஆகாது. தையல் இடுக்குத் தூசியை மெல்லிய பிரஷால் தட்டி, மிதமான சோப்பு நுரையில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தினால் போதும். முன்கண்ணாடிக்கு ஒரு மறைப்பு அட்டை வைத்தால் பாதி வேலை மிச்சம்.