புகையை எரிக்கும் அடுப்பு

நோர்வேயிலும் கனடாவிலும் பல காலம் இருந்துவிட்டு, யாழ்ப்பாணத்துத் தென்மராட்சிப் பக்கம் தோட்டக் காணியில் வீடு கட்ட வருகிறவர்கள் ஒரு கேள்வி கேட்கிறார்கள். அங்கே பனிக்காலத்தில் வீட்டைச் சூடாக்கிய வார்ப்பிரும்பு விறகு உலையில் புகையே தெரிவதில்லை. அதையே இங்கே இறக்கிச் சமைக்கலாமா? ஊரோடு இருப்பவர்கள் அடுப்பு விசாரிப்பதற்குக் காரணம் வேறு. 2021 கடைசியில் காஸ் சிலிண்டர்கள் வெடித்த செய்திகளும், அடுத்த வருடம் வெற்றுச் சிலிண்டரோடு வரிசையில் நின்ற நாட்களும், அந்த ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாவுக்கு ஏறியதும் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. காஸ் அடுப்புக்குத் துணையாக ஒரு விறகடுப்பும் இருக்கட்டும் என்று குசினிக்கு அத்திவாரம் வெட்டும்போதே நினைக்கிறார்கள். மண்ணடுப்பு, தகர அடுப்பு, விசிறி பூட்டிய அடுப்பு என்று பலவகை விற்பனைக்கு இருக்கின்றன. எதை எடுத்தாலும் ‘புகையற்றது’ என்று சொல்லித்தான் விற்கிறார்கள்.

வார்ப்பிரும்பு உலை பற்றிய விடை சுருக்கமானது: வேண்டாம். தன் வெப்பத்தை இரும்புச் சுவரால் அறைக்குக் கொடுப்பதற்கென்றே செய்யப்பட்டது அது. தை மாதத்து விடியற்காலையிலும் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிதான யாழ்ப்பாணத்தில் அறைக்குப் போகும் வெப்பம் முழுவதும் வீண். ஆனால் அந்த உலையின் மேற்பகுதியில் வரிசையாகச் சிறு துளைகள் உண்டு. அவற்றின் வழியே சூடேறிய காற்று பீறி வரும். விறகைத் தொடாமல், அதற்கு மேலே வெறும் இடத்தில், இரண்டாவது தீ ஒன்று எரியும். அமெரிக்காவில் 2020 மே முதல் விற்பனைக்கு வரும் விறகு உலை, சோதனை முறையைப் பொறுத்து, மணிக்கு 2 அல்லது 2.5 கிராமுக்கு மேல் புகைத்துகள் விடக்கூடாது என்பது விதி. அந்த அளவுக்கு இறங்கக் கைகொடுத்தவற்றில் இந்தத் துளைகளுக்குப் பெரிய பங்குண்டு. உலையை அங்கேயே விட்டுவிட்டு இந்தத் தீயை மட்டும் இங்கே கொண்டுவர முடியுமா என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்ட கேள்வி.

அந்த இரண்டாவது தீயில் எரிவது என்ன என்று முதலில் பார்க்கலாம். காய்ந்த விறகைச் சூடாக்கினால் அதன் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஆவியாகக் கிளம்பிவிடுகிறது. 200, 300 பாகையிலேயே மரம் சிதையத் தொடங்கும். எழும்பி ஆடும் சுவாலை முழுவதும் அந்த ஆவி எரிவதுதான். மிஞ்சுகிற கரி பிறகு தணலாகக் கனன்றுகொண்டிருக்கும். ஆவி எரியாமல் தப்பினால் அதைப் புகை என்கிறோம். அணைந்து அடர்த்தியாகப் புகைகிற கொள்ளியின் மேல், விறகைத் தொடாமல், புகையில் மட்டும் தீக்குச்சியைக் காட்டிப் பாருங்கள். புகை பற்றிக்கொண்டு தீ கொள்ளிக்கு இறங்கும். கண்ணைக் கரிக்கும் புகை, காசு கொடுத்து வாங்கிய விறகின் எரியாத பங்கு.

இந்த ஆவி முழுதாக எரிய மூன்று வேண்டும்: 600 பாகைக்கு மேலான சூடு, ஒட்சிசனோடு நன்றாகக் கலத்தல், அதற்குப் போதிய நேரம். செல்வச்சந்நிதிக் கோயில் மடங்களில் அன்னதானப் பந்தி நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். ஆவிதான் பந்திக்கு வரும் சனம். ஒட்சிசன், வாளியோடு நிற்கும் பரிமாறுகிறவர்கள். முதலில் சோறு வெந்து இறங்கியிருக்க வேண்டும்; வேகாத சோற்றை வைத்துக்கொண்டு எத்தனை பேர் நின்றும் பயனில்லை. அதுதான் சூடு. வாளிக்காரர் எல்லோரும் வாசலில் குவிந்துவிட்டால் நடுவரிசையில் இலை வெறுமையாகக் கிடக்கும். அவர்கள் வரிசைக்குள்ளே புகுந்து நடக்க வேண்டும். அதுதான் கலத்தல். அடுத்த பந்திக்காரர் முதுகில் வந்து நெருக்கினால் இருந்தவர் பாதிச் சோற்றில் எழும்ப வேண்டிவரும். அதுதான் நேரம். பன்னாடையையும் காவோலையையும் ஒரேயடியாகத் திணிப்பது, மூன்று பஸ் சனத்தை ஒரே நேரத்தில் மடத்து வாசலில் இறக்குவது. அளவுக்கு மேல் காற்று ஊதினால் வாளிக்காரரே கூடிப்போய்ச் சோற்றை ஆறவைத்துவிடுகிறார்கள். பசியோடு எழுந்து வெளியே போகிறவர்கள்தான் புகை. பானையின் அடி இருக்கிறதே, அது பந்தி நடுவே கூரை ஒழுகி இலையில் மழை கொட்டுவது.

கடைசியாகச் சொன்னதில்தான் அடுப்பின் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. தண்ணீர் உள்ள பானையின் அடி 100 பாகையை விட அதிகம் சூடாவதில்லை. சுவாலையோடு ஒப்பிட்டால் அது குளிர்ந்த சுவர். பாதி எரிந்த ஆவி அதில் மோதியதும் தீ அந்த இடத்திலேயே அவிகிறது. சுவாலைக்கு மஞ்சள் நிறம் கொடுத்து ஒளிர்ந்த காபன் துகள்கள் எரிந்து முடியாமல் பானையில் படிகின்றன. கரிப்பிடித்த பானை என்றால் தீ பானையை மிக முந்தித் தொட்டுவிட்டது என்று அர்த்தம். பானையை உயர்த்தினால் தீ முழுதாக எரியும். ஆனால் நாலாபக்கமும் திறந்த மூன்றுகல் அடுப்பில் அந்த வெப்பம் காற்றோடு போய்விடும். பானையைத் தாழ்த்தினால் வெப்பம் சேரும், புகையும் சேரும். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன.

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் உள்ள அப்ரோவெச்சோ ஆய்வு நிலையத்தில் லாரி வினியார்ஸ்கி இந்த இழுபறியை அவிழ்த்த விதம் அழகானது. முழங்கை போல வளைந்த எரியறை: கீழே விறகு வைக்கும் வாய், அதிலிருந்து நேரே மேலெழும் குட்டைக் குழாய். அகலம் 10 சென்ரிமீற்றர் என்றால் உயரம் 30 வரை. சுற்றிலும் வெப்பம் கடத்தாத பொருள். ஆவி பானைக்குப் போகும் முன்னர் அந்தச் சூடான குழாய்க்குள் எரிந்து முடிந்துவிடும். பானையைச் சுற்றி ஒரு சென்ரிமீற்றர் அளவு இடைவெளி விட்டு ஒரு தகரச் சுற்று. எரிந்து முடிந்த சூடான வாயு அந்த ஒடுக்கத்தால் பானையை உரசிக்கொண்டுதான் வெளியேற வேண்டும். எரிப்பதை ஓரிடத்திலும் சூடேற்றுவதை இன்னோரிடத்திலும் வைத்ததுதான் வேலை. விறகையும் நுனி மட்டும் எரியும்படி கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுவதால் ஆவி ஒரே சீராக வருகிறது.

வரலாறு வேண்டுமென்பவர்களுக்கு இவ்வளவு போதும். தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா நடத்திய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் மகன்வாடி நிலையத்திலிருந்து 1940களில் ‘மகன் சூலா’ என்ற அடுப்பு வந்தது. ஹைதராபாத்தில் எஸ்.பி. ராஜு 1950களில் புகையில்லாக் குசினிக்காக உழைத்தார். இந்திய அரசு 1983 இல் நாடு தழுவிய அடுப்புத் திட்டம் தொடங்கி 2002 இல் கைவிட்டது. இலங்கையின் ‘அனகி’ இரட்டை மண்ணடுப்பு 1980களில் பிறந்தது. முன்வாயில் சோறு, மிச்ச வெப்பத்தில் பின்வாயில் கறி என்று இன்றும் விற்பனையில் நிற்கிறது.

விளம்பரங்களை நம்ப எனக்கு மனம் வராததற்குக் காரணம் உண்டு. ஒடிசாவில் ரேமா ஹன்னா, எஸ்தர் டுப்லோ, மைக்கல் கிரீன்ஸ்ரோன் மூவரும் புகைபோக்கி வைத்த அடுப்புகளைக் கொடுத்துப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். முதல் வருடம் சமைக்கிறவர் சுவாசித்த புகை குறைந்தது. பிறகு அடுப்பில் வெடிப்பு விழுந்தது, குழாய் அடைத்தது, யாரும் திருத்தவில்லை, பலனும் மறைந்தது. மலாவியில் விசிறி பூட்டிய அடுப்புகளைக் கொடுத்து 10,750 பிள்ளைகளைக் கவனித்து, 2017 இல் வெளியான ஆய்வில் நிமோனியா குறையவில்லை. ஆய்வுகூடத்தில் காயவைத்துச் சீவிய விறகோடு எடுத்த அளவு, மாரியில் நனைந்த பூவரசங் கொப்போடு சமைக்கிற குசினிக்குப் பொருந்தாது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் முக்கால் பங்குக்கு மேற்பட்ட வீடுகள் விறகில் சமைத்தன. வீட்டுப் புகையால் 2020 இல் உலகில் 32 இலட்சம் பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீடு. எந்த விறகடுப்பும் காஸுக்கு இணையாகச் சுத்தமானதல்ல. குசினியில் கைக்குழந்தை இருந்தால் காஸ் கிடைக்கிற காலமெல்லாம் காஸ்தான்.

சிரட்டைக்கரியில் விசிறியோடு எரியும் அடுப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் புகை தெரியாததற்குக் காரணம், கரி சுடும்போதே ஆவி முழுவதும் வேறெங்கோ போய்விட்டது. ஆனால் தணலிலிருந்து காபனோரொட்சைட்டு வரும். மணமில்லை, நிறமில்லை, கண் கரிக்காது. கதவு யன்னல் சாத்திய அறையில் ஆளைக் கொல்லும். திறந்த விறாந்தையில் மட்டும் பாவியுங்கள்.

அடுப்புக்கு முன்னால் விறகைப் பாருங்கள். ஒரு லீற்றர் தண்ணீரை 30 பாகையிலிருந்து கொதிக்கவைக்க 0.29 மெகாயூல் போதும். காய்ந்த விறகு கிலோவுக்கு 14 மெகாயூல் அளவில் தரும். கணக்குப்படி 20 கிராம் விறகு! மூன்றுகல் அடுப்பில் 150 கிராமாவது போகும். பச்சை விறகில் பாதி தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், அந்தத் தண்ணீரை ஆவியாக்கச் செலவாவது மொத்த வெப்பத்தில் ஏழில் ஒரு பங்குதான். அவ்வளவுதானே என்று விட முடியாது. நீராவி எரியறையின் சூட்டை இறக்குகிறது, விறகின் ஆவி 600 பாகையை எட்டாமலே வெளியேறுகிறது. நட்டம் இந்த இரண்டாவது வழியில்தான் பெரிது. விறகுகாலையில் வாங்கும் விறகைப் பங்குனி, சித்திரையிலேயே வாங்கி, பெருவிரல் தடிப்பில் பிளந்து, ஐப்பசி மழைக்கு முன்னர் கூரைக்குள் அடுக்கிவிட்டால் சாதாரண மண்ணடுப்பே வேறு அடுப்பு மாதிரி எரியும். பன்னாடையும் காவோலையும் மூட்டுவதற்கு மட்டும். பனம் மட்டையைக் கீறி, நுனி நுனியாகத் தள்ள வேண்டும்.

அனகி அடுப்பைத் தேர்கிறவர்கள் அதைச் சுற்றிச் செங்கல் வைத்து, இடைவெளியை உமிச்சாம்பலால் நிரப்பலாம். சாம்பலுக்குள் அடைபட்ட காற்று வெப்பத்தைப் பிடித்துவைக்கும். பாரமான களிமண் கட்டு முதல் அரைமணி நேரத் தீயைத் தானே குடித்துவிடும். காணியில் கிண்டியெடுத்த சுண்ணக்கல்லையும் முருகைக்கல்லையும் எரியறைக்கு வைக்கவே கூடாது. அவை கல்சியம் காபனேற்று. 800, 900 பாகையில் சுட்ட சுண்ணாம்பாகி, அரிசி உலை பொங்கி வழிகிற அன்று நீறிக் கொட்டும். சூளைக்குள் நடப்பது அடுப்புக்குள்ளும் நடக்கும்.

புகைக்கூட்டையும் மேல்நாட்டு அளவில் கட்டிவிடாதீர்கள். குழாய்க்குள் இருக்கும் 200 பாகை வாயு, வெளிக்காற்றில் மூன்றில் இரண்டு பங்கு பாரம்தான் இருக்கும். அந்தப் பார வித்தியாசம்தான் புகையை இழுக்கிறது. 3 மீற்றர் குழாயில் அது ஒரு மில்லிமீற்றர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தை விடக் கொஞ்சம் கூட, அவ்வளவே. ஒஸ்லோவின் உறைகுளிரில் வெளிக்காற்றுப் பாரம் கூட என்பதால் அதே குழாய் அங்கே நன்றாக இழுக்கும். இங்கே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். அதனால் உயரம் கூட வேண்டும், வளைவு கூடாது. மூட்டும்போது குழாய் குளிர்ந்திருப்பதால் புகை குசினிக்குள் திரும்பும். ஒரு காவோலையைக் கொளுத்திக் குழாயின் அடியில் காட்டிவிட்டு அடுப்பை மூட்டினால் இழுவை தொடங்கிவிடும். வாய் கூரை முகட்டுக்கு மேலே நிற்க வேண்டும். இல்லையென்றால் சோளகம் வீசும் மாதங்களில் காற்று முகட்டைத் தாண்டி விழும் இடத்தில் புகையைக் கீழே அமத்திவிடும். குழாய்க்குள் படியும் தார் தீப்பிடிக்கக்கூடியது, வருடத்துக்கு ஒருதரமாவது தட்டி எடுக்க வேண்டும். குசினிக்குக் கிடுகோ பனையோலையோ வேய்ந்திருந்தால் குழாயைக் கூரைக்குள்ளால் விடவேண்டாம். சுவரால் வெளியே எடுத்து, ஓலைக்கு எட்டாத தூரத்தில் உயர்த்துங்கள்.