'ரூம் இல்லை' என்ற கணினி

குழந்தைகளே, கார்த்திகை தீபத்தன்று எங்கள் திருவண்ணாமலைக்கு வந்திருக்கிறீர்களா? எந்த விடுதியில் கேட்டாலும் 'ரூம் இல்லை' என்பார்கள். இதே பதிலை ஒரு கணினியும் எனக்குச் சொல்லியிருக்கிறது!

பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லித்தர, 1984-ல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. முதலில் சுமார் 250 பள்ளிகளுக்கு இங்கிலாந்தின் பி.பி.சி. மைக்ரோ கணினிகள் வந்தன. இளம் ஆசிரியராக இருந்தபோது அதில் ஒன்றில்தான் நானும் தட்டிப் பழகினேன்.

அதன் நினைவகம் வெறும் 32 கே.பி. அதாவது 32,768 எழுத்துகள் பிடிக்கும். இன்று செல்போனில் எடுக்கும் 3 எம்.பி. படம் ஒன்றை வைக்கவே அப்படி 96 கணினிகள் வேண்டும்!

அந்த 32-லும் கணினி தன் சொந்த வேலைக்கு மூன்றரை கே.பி. எடுத்துக்கொள்ளும். பலவண்ணத் திரை வேண்டுமென்றால் அதற்கு 20 கே.பி. மீதி எட்டரைதான் நமக்கு.

நான் ஒரு வினாடி வினா எழுதினேன். சரியான விடை சொன்னால், திரையில் மலை உச்சியில் தீபம் மினுக்மினுக்கென்று எரியும். கேள்விகள் 100, எல்லாம் ஆங்கிலத்தில் (தமிழ் எழுத்து அதில் கிடையாது). ஒரு கேள்விக்கு விடையோடு 80 எழுத்து என்றாலே 8,000 ஆகிவிட்டதே! மலையை வரையும் கட்டளைகளையும் சேர்த்தேன். திரையில் வந்தது, 'நோ ரூம்'!

அப்புறம் என்ன, சிக்கனம்தான். சொற்களுக்கு நடுவே விடும் இடைவெளிகூட ஓர் எழுத்தின் இடத்தை அடைக்கும். அதை எடுத்தேன். 'மார்க்' என்ற பெயரை 'எம்' என்று சுருக்கினேன். 'இந்த வரி எதற்கு' என்று நம் ஞாபகத்துக்காக எழுதும் குறிப்பை 'ரெம்' வரி என்பார்கள். எல்லா ரெம் வரிகளையும் அழித்தேன். தீபம் எரிந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

என்னைவிடக் கெட்டிக்காரர்களும் உண்டு. அதே 1984-ல் டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் இதே கணினிக்கு 'எலைட்' என்ற விண்வெளி விளையாட்டைச் செய்தார்கள். அதில் 8 விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 உலகங்கள். மொத்தம் 2,048! அவற்றின் பெயர்களை எங்கும் எழுதி வைக்கவில்லை. சில எண்களை மட்டும் வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது கணக்குப் போட்டு வரவழைத்தார்கள். 17-ஆம் வாய்ப்பாடு மனப்பாடம் ஆகாத பையன் கூட்டிக் கூட்டிச் சொல்வானே, அதுபோல!

ஆறு மாதம் கழித்துத் தீபத்தைக் கொஞ்சம் பெரிதாக்கலாமென்று உட்கார்ந்தேன். நான் எழுதியது எனக்கே புரியவில்லை. 'எம்' என்றால் மார்க்கா, மலையா? குறிப்புகளைத்தான் அழித்துவிட்டேனே! ஒவ்வொரு வரியாகப் பார்த்துக் கண்டுபிடிக்க நான்கு நாள் ஆயிற்று. இந்த முறை குறிப்புகளை ஒரு 40 பக்க நோட்டில் எழுதினேன்.

கேசட் என்றோ பூஞ்சை பிடித்துப் போய்விட்டது. நோட்டு மட்டும் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.