பதினொரு மணிப் பந்தி: நாடாளுமன்றக் கேள்விக்குப் பதில் எப்படித் தயாராகிறது?

கல்யாண வீட்டில் பந்தி பதினொரு மணிக்கு என்று சொல்லிவிட்டால் பதினொரு மணிக்கு இலை போட்டாக வேண்டும். காய் வண்டி வரவில்லை, கேஸ் தீர்ந்துவிட்டது என்பதெல்லாம் இலை முன்னால் உட்கார்ந்தவரிடம் எடுபடாது. மக்களவை கூடும் நாள்களில் கேள்வி நேரமும் காலை 11 மணிக்குத்தான் தொடங்குகிறது. (மாநிலங்களவையில் 2014 நவம்பரிலிருந்து பகல் 12 மணி.) அமைச்சர் எழுந்து படிக்கும் நாலு வரிப் பதிலுக்காக ஒரு பெரிய சமையற்கட்டே பல நாள் அடுப்பு மூட்டி வேலை பார்த்திருக்கும். அந்தச் சமையற்கட்டுக்குள் ஒரு சுற்று போய் வந்தால், நம் எம்.பி.யிடம் எதைக் கேட்கச் சொல்லலாம், வந்த பதிலை எப்படிப் படிக்க வேண்டும் என்பது பிடிபடும்.

முதலில் பட்டியல். என்ன சாப்பாடு என்பதைக் கல்யாண வீட்டார் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவது போல, உறுப்பினரும் முழுதாகப் பதினைந்து நாள் இடைவெளி விட்டுக் கேள்வியை மக்களவைச் செயலகத்தில் கொடுக்க வேண்டும். எழுதியதெல்லாம் ஏறிவிடாது. பொதுவாக 150 சொல்லுக்கு மேல் போகக் கூடாது. அமைச்சரின் சொந்தக் கருத்தைக் கேட்கக் கூடாது. நீதிமன்றத்தில் இருக்கும் விவகாரமாக இருக்கக் கூடாது. ஒன்றிய அரசின் பொறுப்பில் வராததாக இருக்கக் கூடாது. இதையெல்லாம் செயலகம் சலித்துப் பார்க்கும். தேறிய கேள்விகளும் இடத்தைவிட அதிகம் என்பதால் குலுக்கல் உண்டு. ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்டவை 20, குறியிடாதவை 230. முதல் வகைக்கு அமைச்சர் அவையில் வாயால் பதில் சொல்வார், இரண்டாவதற்கு எழுத்தில்தான் பதில். அமைச்சகங்களை ஐந்து குழுவாகப் பிரித்து, குழுவுக்கு வாரத்தில் ஒரு நாள் என்று முறை வைத்திருக்கிறார்கள்.

கேள்வி அமைச்சகத்துக்கு வந்ததும் 'பார்லிமென்ட் செல்' என்னும் சிறு பிரிவு அதை வாங்குகிறது. இங்கேதான் முதல் தள்ளுமுள்ளு. எந்தத் துறையின் வேலை இது? ஊரக வளர்ச்சித் துறை குடிநீரைக் காட்டும், குடிநீர்த் துறை சுகாதாரத்தைக் காட்டும். கேள்வியை மாற்றிவிட வேண்டுமானால் எதிர்த் துறை ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். ஒப்புக்கொள்ளாவிட்டால் அது யார் கையில் இருக்கிறதோ அவரே பதில் எழுத வேண்டும். இருக்கிற நாளில் ஒன்றிரண்டு இதிலேயே போய்விடும் என்பதால், கேள்வி எழுதும்போதே துறையைச் சரியாகப் பிடிப்பது பாதி வெற்றி.

ஓர் உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். தமிழ்நாட்டுக் கிராமக் கிளை அஞ்சலகங்களில் எத்தனை பணியிடங்கள் காலி, எவ்வளவு காலமாக, நிரப்ப எடுத்த நடவடிக்கை என்ன, எடுக்காவிட்டால் காரணம் என்ன என்று (அ) முதல் (ஈ) வரை ஒரு கேள்வி என்று வைத்துக்கொள்வோம். தில்லியில் அஞ்சல் துறையின் சம்பந்தப்பட்ட பிரிவு அலுவலர் கையில் அது விழுகிறது. காய் நறுக்கும் இடம் இதுதான். அவர் சென்னையில் உள்ள தலைமை அஞ்சல்துறைத் தலைவர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போடுவார். தலைப்பில் 'மிக அவசரம், நாடாளுமன்றக் கேள்வி' என்று இருக்கும். அங்கிருந்து அது மண்டலங்களுக்கும், மண்டலத்திலிருந்து கோட்டக் கண்காணிப்பாளர்களுக்கும் இறங்கும். கடைசியில் ஏதோ ஓர் ஊரில் ஓர் எழுத்தர், வழக்கமான வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு, பணியிடப் பதிவேட்டைப் புரட்டி எண்ணிக்கொண்டிருப்பார். மாலைக்குள் தொகுப்பு மேலே ஏற வேண்டும். ஒரு கோட்டம் மார்ச் கணக்கையும் இன்னொன்று ஜூன் கணக்கையும் அனுப்பியிருந்தால் கூட்டுத்தொகை உதைக்கும்; திரும்பவும் போன். நம் ஊர்க் காலியிடம் தேசத்தின் அவையில் அச்சாகும் வழி இது. அந்த எழுத்தரின் கவனத்துக்கு இருக்கும் மரியாதை போதாது என்றே எனக்குப் படுகிறது.

சமையலுக்கு முன் திறந்து பார்க்க வேண்டியது உக்கிராண அறை. அங்கே இல்லாத சாமானை எந்தச் சமையல்காரராலும் அடுப்பில் ஏற்ற முடியாது. 2020 செப்டம்பர் 14 அன்று மக்களவையில் வந்த ஒரு பதிலை இதற்காகவே நினைவில் வைத்திருக்க வேண்டும். ஊரடங்கில் சொந்த ஊருக்குத் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு, அப்படிப்பட்ட தரவு பராமரிக்கப்படவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் எழுத்தில் பதில் கொடுத்தது. குடும்பங்களுக்கு இழப்பீடு தரப்பட்டதா என்ற அடுத்த பகுதிக்கு, மேற்கண்டதைக் கருதி இக்கேள்வி எழவில்லை என்றது. கணக்கே எடுக்காத இடத்தில் இழப்பீட்டுக் கேள்வியும் சேர்ந்து விழுந்துவிட்டது. அந்தக் கூட்டத்தொடரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டிருந்தார்கள். எழுத்துப் பதில் மட்டும்தான். எழுந்து நின்று "ஏன் கணக்கெடுக்கவில்லை?" என்று அமைச்சரின் முகத்தைப் பார்த்துக் கேட்க ஒருவருக்கும் வழியில்லை. அந்த இரண்டு வரி இன்றைக்கும் மனத்தை அறுக்கிறது.

ஆனால் "தரவு இல்லை" என்பதும் ஒரு தகவல்தான். எதை எண்ண வேண்டும் என்று அரசு நினைக்கவில்லை என்பதை அது ஆவணமாக்கிவிடுகிறது. அதன்பின் எம்.பி. கேட்க வேண்டியது, இனிமேலாவது கணக்கெடுக்கும் திட்டம் உண்டா என்பதுதான்.

வரைவு தயாரானதும் ருசி பார்க்கும் கட்டம். பிரிவு அலுவலரிடமிருந்து சார்புச் செயலாளர், இயக்குநர், இணைச் செயலாளர், செயலாளர் என்று ஏறி அமைச்சரின் ஒப்புதலுக்குப் போகும். ஒவ்வொரு மேசையிலும் ஒரு சொல் மாறும். பதிலில் பொய் இருந்தால் உரிமை மீறல் பிரச்சினை வரும். தவறு இருந்தால் அமைச்சரே பின்னால் அவையில் திருத்த அறிக்கை வைக்க வேண்டும். அந்தப் பயத்தில்தான் பதில்கள் இவ்வளவு காரம் குறைந்து வருகின்றன. ஆங்கிலத்திலும் இந்தியிலும் படிகள் தயாராகி முதல் நாளே செயலகம் போய்விடும். அவையில் வைக்கும் வரை அந்தப் படிகள் வெளியே கசியக் கூடாது.

நட்சத்திரக் கேள்விக்கு வேலை இதோடு முடியாது. இலையில் உட்கார்ந்தவர் மறுசோறு கேட்பார், ரசம் கேட்பார், இல்லாத பொரியலைக்கூடக் கேட்பார். அவையில் அதுவே துணைக் கேள்வி. கேள்வி கொடுத்தவருக்கு முதலில் வாய்ப்பு, பிறகு சபாநாயகர் அனுமதிக்கும் மற்றவர்களுக்கு. என்ன கேட்பார்கள் என்பது முன்கூட்டித் தெரியாது. ஆகவே துறை அதிகாரிகள் ஒரு தடித்த கோப்பைத் தயார் செய்வார்கள்: மாநிலவாரி அட்டவணை, பழைய பதில்கள், செய்தித்தாளில் வந்த புகார்கள், உறுப்பினரின் தொகுதி நிலவரம். பக்க ஓரத்தில் வண்ணச் சீட்டுகள் ஒட்டியிருக்கும். முந்தைய நாள் அமைச்சரை உட்கார வைத்து விளக்குவார்கள். மறுநாள் அதிகாரிகள் மாடத்தில் அமர்ந்திருந்து, அமைச்சர் தடுமாறினால் துண்டுச் சீட்டு எழுதிக் கீழே அனுப்புவார்கள். ஒரு மணி நேரத்தில் இருபது கேள்வியும் எட்டப்படுவதில்லை. எட்டாதவற்றுக்கு எழுத்துப் பதிலே பதிலாகிவிடும்.

பரிமாறும்போது ஒரு வாளி காலி என்று தெரிந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1957இன் முந்த்ரா விவகாரத்தைவிடப் பெரிய சான்று இல்லை. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் கம்பெனிப் பங்குகளில் போடப்பட்டதா என்று மக்களவையில் எழுந்த கேள்வியை உறுப்பினர் பெரோஸ் காந்தி விடாமல் பிடித்துக்கொண்டார். நீதிபதி எம்.சி. சாக்ளா விசாரணை நடந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

இனி, பதிலைப் படிக்கும் விதம். "தகவல்கள் திரட்டப்பட்டு வருகின்றன, அவையில் வைக்கப்படும்" என்று வந்தால் பலரும் கை கழுவிவிட்டார்கள் என்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அது கடன். "பரிசீலனையில் உள்ளது" என்பதும் அப்படியே. இத்தகைய சொற்றொடர்களுக்கு ஒரு பட்டியலே இருக்கிறது. அவை உறுதிமொழியாகப் பதிவாகும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். முடியாவிட்டால் அவகாசம் கேட்டு எழுத வேண்டும். இதைக் கண்காணிக்க மக்களவையில் 1953 முதல் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. அமைச்சர்கள் அதில் உறுப்பினராக முடியாது. துறைச் செயலாளரையே கூப்பிட்டு உட்கார வைத்து விசாரிக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. ஆகவே அந்த வரியைப் பார்த்தால் தேதியைக் குறித்துக்கொண்டு, மூன்று மாதம் கழித்து எம்.பி. அலுவலகத்தில் நினைவூட்டுங்கள்.

கூட்டத்தொடர் இல்லாத மாதங்களில் கடிதம்தான் வழி. ஒன்றியச் செயலகத்தின் அலுவலக நடைமுறைக் கையேட்டின்படி எம்.பி.யின் கடிதத்துக்குப் பதினைந்து நாளில் பெற்றுக்கொண்டதாகத் தகவலும், அடுத்த பதினைந்து நாளில் பதிலும் போக வேண்டும். பதினொரு மணிப் பந்தியின் கெடுபிடி இதற்கு இல்லாததால் நாள் தள்ளிப்போவதும் உண்டு. ஆனாலும் கடிதம் ஆழமாகப் போகும். மதுரை எம்.பி. சு. வெங்கடேசன் 2020இல், மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் ஆள்சேர்ப்புத் தேர்வுக்குத் தமிழ்நாட்டில் மையம் கேட்டு ஆங்கிலத்தில் எழுதினார். உள்துறையிலிருந்து இந்தியில் பதில் வந்தது. அவர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார். கடிதம் ஆங்கிலத்தில் வந்தால் பதிலும் ஆங்கிலத்தில்தான் போக வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது.

எம்.பி.க்கு மனு கொடுப்பவர்கள் ஒரு பக்கத்துக்குள், ஒரே கோரிக்கையை, துறையின் பெயரோடும் ஏற்கெனவே நடந்த கடிதப் போக்குவரத்தின் கோப்பு எண்ணோடும் கொடுத்தால், பிரிவு அலுவலர் அதை அலசிப் பிரிக்க வேண்டியிருக்காது. கேட்டதைச் செய்ய முடியாதென்றால் ஏன் முடியாது என்ற காரணத்தையும் உறுப்பினருக்கு எழுத வேண்டும் என்று அதே கையேடு சொல்கிறது. வந்த பதிலில் காரணம் இல்லையென்றால், அதை மட்டும் கேட்டு இன்னொரு கடிதம் போடச் சொல்லுங்கள்.