ஒளியே போடும் கணக்கு!

1978. கனடாவின் ஒட்டாவா நகரம். அரசு தகவல்தொடர்பு ஆராய்ச்சி மையத்தில் கென் ஹில் குழுவினர், தலைமுடி போல மெல்லிய கண்ணாடி இழைக்குள் நீலப்பச்சை லேசர் ஒளியைச் செலுத்திக்கொண்டிருந்தார்கள். மறுமுனை வழியாக வெளியேற வேண்டிய ஒளி, நேரம் ஆக ஆகத் திரும்பி வர ஆரம்பித்தது. சில நிமிடங்களில் பெரும்பகுதி ஒளி வந்த வழியே திரும்பிவிட்டது. இழை எங்கும் உடையவில்லை. அப்புறம் எப்படி?

இழையின் மறுமுனையில் பட்டு, கொஞ்சம் ஒளி எப்போதுமே திரும்பும். அது, எதிரே வரும் ஒளியோடு கலக்கும்போது சில இடங்களில் வெளிச்சம் கூடும். சில இடங்களில் குறையும். வெளிச்சம் கூடிய இடங்களில் ஜெர்மேனியம் கலந்த அந்தக் கண்ணாடியின் தன்மையே நிரந்தரமாக மாறிப்போனது. விளைவு, இழைக்குள் லட்சக்கணக்கான நுண்ணிய வரிகள்! ஒவ்வொரு வரியும் துளியூண்டு ஒளியைத்தான் திருப்பும். ஆனால், ஒரு குறிப்பிட்ட நிறத்துக்கு மட்டும் அத்தனை துளிகளும் ஒன்றுசேர்ந்து பலமாகத் திரும்பும். இதுதான் 'ஃபைபர் பிராக் கிரேட்டிங்'. படிகங்களில் எக்ஸ்-ரே இதேபோலத் திரும்புவதை விளக்கி, 25 வயதில் நோபல் பரிசு வாங்கிய லாரன்ஸ் பிராக்கின் பெயர்தான் இதற்கும்.

இவ்வளவு அழகான கண்டுபிடிப்பு பத்து வருடங்கள் கிட்டத்தட்ட சும்மாவே கிடந்தது. எந்த நிறத்தால் எழுதினார்களோ, அந்த நிறத்தை மட்டுமே அது திருப்பியது. தொலைத்தொடர்புக்கு வேண்டியதோ கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. 1989-ல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஜெரால்டு மெல்ட்ஸ் குழுவினர், பக்கவாட்டிலிருந்து புற ஊதாக் கதிரைப் பாய்ச்சி, வரிகளின் இடைவெளியைத் தாங்களே தீர்மானித்தார்கள். பூட்டு திறந்தது.

சரி, இதை வைத்து என்ன செய்யலாம்?

நீங்கள் பார்க்கும் வீடியோ, கடல் கடந்து ஒளியாகத்தான் வருகிறது. ஆனால், அதில் ஏதாவது கணக்குப் போட வேண்டுமென்றால் ஒளியை மின்சாரமாக்கி, சிப்பில் கணக்கிட்டு, மறுபடி ஒளியாக்க வேண்டும். நெடுஞ்சாலையில் பறந்து வந்த வண்டி டோல்கேட்டில் நிற்கிற கதைதான். நேரமும் மின்சாரமும் செலவாவது அங்கேதான். கம்ப்யூட்டர் சிப்பின் ஒரு 'டிக்' சில நூறு பிகோ விநாடி. ஒரு விநாடியை லட்சம் கோடி பங்காக்கினால் ஒரு பங்குதான் பிகோ விநாடி. ஒளித்துடிப்புகள் அதையும்விடக் குறுகியவையாக இருக்கலாம்.

கணக்கையே ஒளியிடம் விட்டுவிட்டால்? 2006-ல் ராடன் ஸ்லாவிக், ஹோசே அசானா உள்ளிட்டோர் குழு அதைத்தான் செய்து காட்டியது. பிளஸ் டூ மாணவர்களை மிரட்டும் 'வகையிடல்' நினைவிருக்கிறதா? 'எவ்வளவு வேகமாக மாறுகிறது' என்று கேட்பதுதான் அது. குறுகிய ஒளித்துடிப்பில் பல நிறங்கள் கலந்திருக்கும். வரிகள் மிகவும் அகலமாக உள்ள கிரேட்டிங் ஒன்று, நடு நிறத்தை முழுக்கத் தடுத்து, நடுவிலிருந்து விலக விலக அதிகம் விட்டது. வகையிடலுக்கு வேண்டியது அந்த வடிகட்டல்தான். ஒற்றை மேடாக நுழைந்த துடிப்பு, இரட்டை மேடாக வெளியே வந்தது. அதுவே விடை! டிரான்சிஸ்டர் இல்லை, 'டிக்' இல்லை. ஒளி இழையைக் கடக்கும் நேரமே கணக்குப் போடும் நேரம். உண்டியலில் சேர்ப்பதுபோல் கூட்டிக்கொண்டே போகும் 'தொகையிடலும்' 2008-ல் கிரேட்டிங்கால் சாத்தியமானது.

அதற்காக, நாளைக்கே ஒளிக் கம்ப்யூட்டர் கடைக்கு வந்துவிடாது. ஒரு கிரேட்டிங்குக்கு ஒரு கணக்குதான் தெரியும். ஒளியை நிறுத்தி நினைவில் வைப்பதும் லேசான காரியமில்லை. போதாக்குறைக்கு, ஒரு டிகிரி வெப்பம் கூடினாலே அது திருப்பும் நிறம் துளி நகர்ந்துவிடும். இழையை இழுத்தாலும் அப்படியே.

கணக்குக்குத் தொல்லையான இந்தக் குணம் இன்னோர் இடத்தில் வரமாகிவிட்டது. பாலங்களிலும் விமான இறக்கைகளிலும் இதே கிரேட்டிங்கைப் பதித்து, திரும்பி வரும் நிறம் எவ்வளவு நகர்கிறது என்று பார்த்தே, எங்கே அழுத்தம் ஏறுகிறது என்பதைப் பொறியாளர்கள் கண்டுபிடிக்கிறார்கள்.