கத்தி செய்வதற்கான முதல் பெல்ட் கிரைண்டர்

பெல்ட் கிரைண்டர் என்பது உராய்வு மணிகள் ஒட்டப்பட்ட வளையப் பட்டை ஒன்றைச் சக்கரங்களின் மேல் வேகமாக ஓடவிட்டு, உலோகத்தையும் மரத்தையும் தேய்த்து வடிவமைக்கும் இயந்திரம் ஆகும். நீண்ட உப்புத்தாளை வளையமாக ஒட்டி மோட்டாரில் ஓட்டுவது போன்றது எனலாம். கத்தி செய்யத் தொடங்குவோர் வாங்கும் கருவிகளில் பெரும்பாலும் இதுவே விலை கூடியது. தேர்வு தவறினால் பணம் வீணாவதுடன், பல மணி நேரம் உழைத்துச் செய்த கத்தியும் சூட்டில் கெட்டுப்போகும்.

முதல் இயந்திரத்தில் முக்கியமாகப் பார்க்க வேண்டியவை மூன்று: பெல்ட்டின் நீளம், வேகத்தைக் குறைக்கும் வசதி, தட்டையான தாங்கு தகடு. மற்ற இணைப்புகளைப் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

கத்தி செய்தலில் இதன் இடம்

கத்தியை இரண்டு முறைகளில் செய்யலாம். ஒன்று, இரும்பை உலையில் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்து வடிவமைப்பது. மற்றொன்று, எஃகுத் தகட்டிலிருந்து வேண்டாத பகுதியைத் தேய்த்து நீக்கி வடிவம் பெறுவது. இரண்டாம் முறையை அமெரிக்காவில் பரவலாக்கியவர்களுள் கலிபோர்னியாவைச் சேர்ந்த பாப் லவ்லெஸ் (1929–2010) குறிப்பிடத்தக்கவர். இம்முறையில் ஏறக்குறைய எல்லா வேலையும் பெல்ட் கிரைண்டரில்தான் நடக்கிறது. அடித்துச் செய்த கத்திக்கும் இறுதி வடிவம் தர இது பயன்படுகிறது.

கத்தியின் வெளிவடிவத்தை வெட்டுவது, முதுகிலிருந்து வாய் வரை சரிவு எடுப்பது, கைப்பிடியை வளைவாக்குவது, மெருகேற்றுவது ஆகியவை இதன் முக்கிய வேலைகள்.

உறுப்புகள்

- இயக்கு சக்கரம்: மோட்டார் தண்டில் பொருத்தப்பட்டுப் பெல்ட்டை இழுப்பது.
- திருத்தச் சக்கரம்: பெல்ட் ஒரு பக்கமாக விலகாமல் நடுவில் ஓடும்படி சாய்வை மாற்றிக்கொள்ள உதவுவது.
- இழுவைக் கை: சுருள்வில்லின் விசையால் பெல்ட்டை இறுக்கமாக வைத்திருப்பது.
- தாங்கு தகடு: பெல்ட்டின் பின்னால் நிற்கும் தட்டையான எஃகுத் தகடு. தட்டையான சரிவுகள் இதன் மேல் எடுக்கப்படுகின்றன.
- தொடு சக்கரம்: ரப்பர் பூசிய பெரிய சக்கரம். கத்தியின் பக்கங்களை உட்குழிவாகத் தேய்க்க உதவுகிறது. 200 மி.மீ., 250 மி.மீ. விட்டமுள்ளவை வழக்கில் அதிகம்.
- வேலைத் தாங்கி: கத்தியை ஊன்றிப் பிடிக்கும் சிறு மேடை.

தகடும் சக்கரமும் இல்லாத இடத்தில் பெல்ட் தளர்வாக ஓடும். அங்கே தேய்த்தால் பக்கங்கள் வெளிப்புறம் புடைத்து அமையும். தொடக்கநிலையாளருக்குத் தாங்கு தகடே போதும். தொடு சக்கரம் பின்னர் வாங்கத்தக்கது.

பெல்ட்டின் அளவு

கிரைண்டர்கள் அவற்றில் பொருந்தும் பெல்ட்டின் அகலம், நீளம் ஆகியவற்றால் குறிக்கப்படுகின்றன. அளவுகள் அங்குலத்தில் சொல்லப்படுவது வழக்கம்.

- 1×30 (25×762 மி.மீ.): விலை குறைந்தது, இடமும் குறைவாகவே பிடிக்கும். சாணை பிடிக்கவும் சிறு கத்திகளுக்கும் ஏற்றது. மோட்டார் சிறியது, பெரும்பாலானவற்றில் வேகத்தை மாற்ற முடியாது.
- 4×36 (100×914 மி.மீ.): தச்சு வேலைக்காக அமைந்தது. கைப்பிடி மரத்தைச் சமன்படுத்த நல்லது. இயந்திரத்தின் உடற்பகுதி இடைஞ்சலாக இருப்பதால் கத்திச் சரிவு எடுப்பது கடினம்.
- 2×42 (50×1067 மி.மீ.): இடைநிலை அளவு. கத்தி வேலைக்கு உதவும், ஆனால் பெல்ட் வகைகள் குறைவு.
- 2×72 (50×1829 மி.மீ.): அமெரிக்கக் கத்திப் பட்டறைகளில் நிலையான அளவாகிவிட்டது. கத்தி வேலைக்கான பெல்ட் வகைகள் இந்த அளவில்தான் மிகுதியாகக் கிடைக்கின்றன.

நீளம் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. பெல்ட் விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் ஓடுவதாகக் கொள்வோம். 762 மி.மீ. பெல்ட்டின் ஒவ்வொரு மணியும் விநாடிக்கு ஏறக்குறைய 20 முறை கத்தியை உரசும். 1829 மி.மீ. பெல்ட்டில் அது 8 முறை மட்டுமே. நீளமான பெல்ட்டின் மணிகளுக்கு ஆறுவதற்கு நேரம் கிடைக்கிறது. பரப்பளவும் 30 சதுர அங்குலத்துக்குப் பதில் 144 சதுர அங்குலம் என்பதால் பெல்ட் அதிக நாள் உழைக்கிறது.

வேகம்

பெல்ட்டின் வேகத்தைப் பள்ளிக் கணிதத்தைக் கொண்டே கண்டுபிடிக்கலாம்:

பெல்ட் வேகம் = 3.14 × இயக்கு சக்கரத்தின் விட்டம் × நிமிடச் சுழற்சி

100 மி.மீ. சக்கரம் நிமிடத்துக்கு 2880 முறை சுழன்றால் வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 904 மீட்டர், அதாவது விநாடிக்கு 15 மீட்டர். அதே சக்கரம் 1440 சுழற்சி மோட்டாரில் இருந்தால் இதில் பாதிதான்.

அமெரிக்க வரைபடங்களைப் பார்த்து இயந்திரம் செய்வோர் இங்கே கவனமாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் மின்சாரத்தின் அதிர்வெண் 60 ஹெர்ட்ஸ். இந்தியாவிலும் இலங்கையிலும் 50 ஹெர்ட்ஸ். அங்கு 3450 முறை சுழலும் வகை மோட்டார் இங்கு ஏறக்குறைய 2880 முறைதான் சுழலும். அதே வேகம் வேண்டுமானால் சக்கரத்தின் விட்டத்தைக் கூட்ட வேண்டும்.

தகட்டை வேகமாகக் கரைக்க அதிக வேகம் தேவை. கைப்பிடி மரம், மெருகு, கடினப்படுத்திய கத்தியின் மெல்லிய வாய் ஆகியவற்றுக்குக் குறைந்த வேகம் தேவை. ஒரே இயந்திரத்தில் இரண்டும் கிடைக்க வி.எஃப்.டி. எனப்படும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி உதவுகிறது. இது மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றி மும்முனை மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது. வீட்டின் ஒருமுனை மின்சாரத்திலேயே மும்முனை மோட்டாரை ஓட்டத்தக்க வகைகளும் உண்டு. கையைப் பழக்கும் காலத்தில் மெதுவாக ஓட்ட முடிவது பெரிய உதவி; பிழை நேர்ந்தாலும் அது சிறிதாக இருக்கும்போதே நிறுத்திவிடலாம்.

மோட்டாரின் திறன்

ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். திறனை வேகத்தால் வகுத்தால் பெல்ட்டை இழுக்கும் விசை கிடைக்கும். விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் 2 குதிரைத்திறன் மோட்டார் ஏறக்குறைய 10 கிலோ எடைக்குச் சமமான விசையால் பெல்ட்டை இழுக்கிறது. மூன்றில் ஒரு பங்கு குதிரைத்திறன் கொண்ட சிறிய மோட்டாரில் அது 1.7 கிலோதான். சிறிய இயந்திரத்தில் சற்று அழுத்தியதும் பெல்ட் நின்றுவிடுவதன் காரணம் இதுவே.

2×72 இயந்திரத்துக்கு 1.5 முதல் 2 குதிரைத்திறன் பொருத்தமானது. வி.எஃப்.டி. மூலம் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் கிடைக்கும் திறனும் ஏறக்குறைய பாதியாகும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். உலோகத் தூள் உள்ளே புகாதபடி மூடப்பட்ட மோட்டாரையும் வி.எஃப்.டி.யையுமே வாங்க வேண்டும். இதைச் சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் செருகக் கூடாது. தனிப் பவர் பிளக்கும் சரியான எர்த் இணைப்பும் தேவை. மோட்டாரின் பெயர்த்தகட்டில் உள்ள வோல்ட் அளவு வி.எஃப்.டி. தரும் வோல்ட் அளவோடு பொருந்துகிறதா என்பதை மின்பணியாளரைக் கொண்டு சரிபார்த்துக்கொள்ளலாம்.

பெல்ட் வகைகள்

பெல்ட்டின் சொரசொரப்பு எண்ணால் குறிக்கப்படும். எண் சிறிதானால் மணி பெரிது. 36 அல்லது 60 எண் தகட்டைக் கரைக்கவும், 120, 220 கீறல்களை நீக்கவும், 400 மெருகுக்கும் பயன்படும்.

மணிகளில் அலுமினியம் ஆக்சைடு விலை குறைந்தது, மரத்துக்கு ஏற்றது. சிர்கோனியா அதைவிட உறுதியானது. எஃகைக் கரைப்பதில் செராமிக் மணிகளே சிறந்தவை. அவை அழுத்தத்தில் உடைந்து புதுக் கூர்மை பெறுகின்றன. போதிய அழுத்தம் தர முடியாத சிறிய இயந்திரத்தில் அவை உடையாமல் வழவழப்பாகி, வெட்டுவதற்குப் பதில் தேய்த்துச் சூடாக்கும். எனவே விலை உயர்ந்த பெல்ட்டின் முழுப் பயனும் போதிய திறனுள்ள இயந்திரத்தில்தான் கிடைக்கும்.

பெல்ட் தொடர்ந்து தீர்ந்துபோகும் பொருள். இயந்திரத்துக்கே எல்லாப் பணத்தையும் செலவழித்துவிட்டு மழுங்கிய பெல்ட்டோடு போராடுவது தொடக்கநிலையாளர் பலரும் செய்யும் பிழை.

வெப்பமும் துவைச்சலும்

கத்தியைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் அல்லது நீரில் அமிழ்த்திக் கடினமாக்குவது துவைச்சல். அதன் பிறகு நொறுங்காமல் இருப்பதற்காக மிதமான சூட்டில் பதப்படுத்துவார்கள். எளிய கார்பன் எஃகுக் கத்திகளுக்கு இது பெரும்பாலும் 200 பாகை செல்சியசுக்கு அருகில் நடக்கும். கிரைண்டரில் அந்த வெப்பத்தைத் தாண்டினால் அந்த இடம் மென்மையாகத் தொடங்கும்.

எஃகின் நிறமே இதற்கு எச்சரிக்கை. இளம் வைக்கோல் நிறம் ஏறக்குறைய 205 பாகையிலும், பழுப்பு 250 பாகையை ஒட்டியும், நீலம் 300 பாகையை ஒட்டியும் தோன்றும். வாய் மெல்லியது என்பதால் அங்குதான் நிறம் முதலில் மாறும். நீலத்தைத் தேய்த்து மறைத்துவிடலாம். மென்மையான எஃகு மென்மையாகவே இருக்கும். அந்தக் கத்தி பார்க்க நன்றாக இருந்தாலும் கூர் நிற்காது.

இதைத் தவிர்க்க, துவைச்சலுக்கு முன் சரிவின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு வாயில் சுமார் 1 மி.மீ. தடிமன் விட வேண்டும். பின்னர் புதிய பெல்ட்டில், குறைந்த வேகத்தில், வெறுங்கையால் பிடித்துத் தேய்த்து, சூடு தெரிந்ததும் நீரில் தோய்க்க வேண்டும்.

பாதுகாப்பு

- கண்ணாடியும் காதடைப்பானும் எப்போதும் தேவை.
- கைக்குட்டை நுண்தூளைத் தடுக்காது. வடிகட்டி பொருத்திய சுவாசக் கவசம் அணிய வேண்டும். எலும்பு, சிப்பி, கண்ணாடியிழைக் கைப்பிடிகளின் தூள் நுரையீரலுக்குத் தீங்கானது.
- தளர்ந்த கையுறை, துப்பட்டா, முந்தானை, வேட்டி நுனி, விரித்த கூந்தல் ஆகியவை பெல்ட்டில் சிக்கும்.
- கத்தியின் முனை பெல்ட்டின் ஓட்டத்தை எதிர்த்து நிற்கக் கூடாது. அது குத்திக்கொண்டு கத்தியைக் கையிலிருந்து பறித்துவிடும்.
- எஃகின் தீப்பொறிகள் மரத்தூள் குவியலில் விழுந்தால் தீப்பிடிக்கும். பொறிகள் விழ அடியில் நீர் வாளி வைத்து, மரத்தூளைத் தனியே அகற்ற வேண்டும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

- சக்கரங்களைக் கையால் சுழற்றினால் ஆட்டம் இருக்கக் கூடாது.
- இரும்பு அளவுகோலைத் தாங்கு தகட்டில் நிறுத்தினால் இடைவெளி தெரியக் கூடாது.
- அழுத்தித் தேய்க்கும்போது பெல்ட் ஒரே இடத்தில் ஓட வேண்டும். சட்டம் வளையக் கூடாது.
- இணைப்புக் கைகள் 1.5 அங்குலச் சதுர அளவில் இருந்தால், பிறர் செய்யும் இணைப்புகளும் பெரும்பாலும் பொருந்தும்.

பணம் குறைவாக இருந்தால்

பெரிய இயந்திரம் வாங்க முடியாதவர் சிறிய இயந்திரத்துக்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை. நல்ல அரம், இரண்டு பிடிப்பான், உப்புத்தாள் ஆகியவற்றைக் கொண்டே முழுக் கத்தியையும் செய்யலாம். நேரம் அதிகமாகும், ஆனால் அரத்தில் எஃகு கருகாது, சரிவை இருபுறமும் ஒன்றாக எடுக்கக் கண்ணும் கையும் பழகும். அதற்குள் சேரும் பணத்தில் வேகக் கட்டுப்பாடுள்ள 2×72 இயந்திரத்தைத் தாங்கு தகட்டோடு மட்டும் வாங்கி, மீதியைப் பெல்ட்டுக்கும் சுவாசக் கவசத்துக்கும் ஒதுக்குவது நல்லது.