சிவக்காத இலைகளின் தோட்டம்

காட்கோபரில் லோக்கல் பிடித்து, கல்யாணில் புனே வண்டிக்கு மாறி, போர்காட் மலை ஏறும்போது மழைக்காலம் மிச்சம் வைத்த பச்சை இருபுறமும் தெரிகிறது. அக்டோபர் மாதம். ஜப்பானின் வடக்கே மலைகள் சிவக்கும் நேரம். புனேயிலோ மழை ஓய்ந்து வெயில் சுடத் தொடங்கும் நேரம்.

சிங்கட் சாலையில் இருக்கிறது பு.ல. தேஷ்பாண்டே உத்யான். சுமார் 10 ஏக்கர். ஒகயாமா நகரின் புகழ்பெற்ற கோராகுயென் தோட்டத்தை மாதிரியாகக் கொண்டது. அதனால் புனே-ஒகயாமா நட்புத் தோட்டம் என்றும் பெயர்.

ஓடை, சிறு பாலங்கள், செதுக்கிவிட்ட புதர்கள், மேடும் சரிவுமாகப் புல்வெளி. பாதை நேராகப் போவதே இல்லை. முழுத் தோட்டமும் ஒரே பார்வையில் அகப்படக் கூடாது, நடக்க நடக்கக் காட்சி மாற வேண்டும் என்பது இத்தகைய ஜப்பானியத் தோட்டங்களின் இலக்கணம்.

"செவப்பு இலை எங்கே அங்கிள்?" உடன் வந்த பக்கத்து வீட்டுத் தம்பதியின் பத்து வயது மகளுக்கு ஏமாற்றம். காலண்டரில் அவள் பார்த்த ஜப்பான் வேறு.

மேப்பிள் இலை சிவக்கக் குளிர்ந்த இரவுகள் வேண்டும். புனேயின் அக்டோபரில் அதற்கு வழியில்லை. மொழிபெயர்ப்பில் பிழைக்கும் எனக்கு இது பழகிய சங்கடம். 'இலையுதிர்காலம்' என்று எழுதும்போதெல்லாம் பேனா தயங்கும். தமிழின் ஆறு பருவங்களில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்: வாடைக் காற்றின் காலம், இலை உதிரும் காலமல்ல. சொல்லைக் கொண்டுவரலாம், பருவத்தைக் கொண்டுவர முடியாது. இந்தத் தோட்டத்தை அமைத்தவர்கள் இலக்கணத்தை மட்டும் கொண்டுவந்திருக்கிறார்கள்.

மூலத்தின் கதையும் சுவையானது. இக்கேதா சுனமாசா என்ற பிரபு 1687-ல் தொடங்கி 1700-ல் முடித்தது கோராகுயென். 1884-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1945 குண்டுவீச்சில் சிதைந்து, பழைய ஓவியங்களைப் பார்த்துச் சீரமைக்கப்பட்டது. 'பின்னர் மகிழும் தோட்டம்' என்பது பெயரின் பொருள். ஆள்பவன் மக்களுக்கு முன்னே கவலைப்பட்டு, மக்களுக்குப் பின்னே மகிழ வேண்டும் என்ற சீன அறிவுரையிலிருந்து பிறந்த பெயர்.

அதன் இந்தியப் பிரதிக்கு ஆள்பவர் யார் பெயரும் இல்லை. பம்பாய் சால்வாசிகளின் வாழ்க்கையை 'பட்டாட்யாச்சி சால்' என்று எழுதி மராத்தியர்களைச் சிரிக்க வைத்த எழுத்தாளரின் பெயர். மூலத்தை மிஞ்சிய மொழிபெயர்ப்பு இந்த ஓர் இடத்தில்தான்.

இருட்டுவதற்குள் கிளம்பினோம். சிறுமி சிவப்பு இலையை மறந்துவிட்டிருந்தாள்.

"எங்க சந்துல இந்த முனையில நின்னா அந்த முனை தெரியும் அங்கிள். இங்கே திரும்பினாத்தான் தெரியுது" என்றாள். திரும்பும் வண்டியில் ஜன்னலோர இடத்துக்குக் கூட அவள் சண்டை போடவில்லை.